சுமைக்கென்று விட்ட இரண்டு அங்குலம்

காலியாக நிற்கும் அமெரிக்க பிக்கப் வண்டி எதையாவது பக்கவாட்டில் நின்று பார்த்தால், பின்புறம் முன்புறத்தைவிட ஓரிரு அங்குலம் தூக்கலாக இருப்பது தெரியும். தரையில் எதையோ தொலைத்துவிட்டுக் குனிந்து தேடுகிறவரின் தோரணை. தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வருகிறது. பின்தொட்டியில் உர மூட்டைகளை அடுக்கினாலோ, பின்னால் ஒரு டிரெய்லரைப் பூட்டினாலோ ஸ்பிரிங் அமுங்கும். அந்த இரண்டு அங்குலம் இறங்கி வண்டி மட்டமாக நிற்கும். வரப்போகிற சுமைக்காக முன்கூட்டியே விட்டுவைத்த இடம் அது.

நான் இருக்கும் டெக்சாஸ் புறநகரில் இந்த இரண்டு அங்குலத்தை ஜனங்கள் படுத்துகிற பாட்டைப் பார்க்க வேண்டும். இங்கே ஓடும் பிக்கப்புகளில் பல, வாழ்நாள் முழுக்க ஒரு சிமெண்ட் மூட்டையைக்கூட முதுகில் ஏற்றாதவை. அவற்றின் சொந்தக்காரர்களுக்குப் பின்புறத் தூக்கல் அசிங்கமாகத் தெரிகிறது. முன் ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வளையத்தைச் செருகி முன்புறத்தையும் உயர்த்தி ‘லெவல்’ செய்துகொள்கிறார்கள். காலியாக நிற்கும்போது ஜோராகத்தான் இருக்கும். எப்போதோ ஒருநாள் படகை இழுக்கும்போது வண்டி பின்னால் உட்கார்ந்து மூக்கை வானத்துக்குத் தூக்கும். இதற்கும் ஒருபடி மேலே போனவர்கள் கரோலினா பக்கத்து இளைஞர்கள். முன்பக்கத்தை ஏகத்துக்கு உயர்த்தி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, சுமையே இல்லாமல் சுமையால் உட்கார்ந்துபோன கோலத்தை வரவழைத்தார்கள். ‘கரோலினா ஸ்குவாட்’ என்று அதற்குப் பெயர். ஓட்டுகிறவருக்குப் பானெட்டுக்கு முன்னால் நடந்துபோகும் ஆள் தெரியமாட்டார். 2021இல் வட கரோலினா, முன்பக்க மட்கார்டு பின்பக்கத்தைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு வர்ஜீனியா, 2023இல் தென் கரோலினா.

ஒரு கூட்டம் காசு கொடுத்து வாங்கும் இந்தக் கோணலை, இன்னொரு கூட்டம் காசு கொடுத்துப் போக்கிக்கொள்ளத் தவிக்கிறது. விடியும் முன்பே வீட்டு வாசலில் டிரெய்லரைப் பூட்டுகிறவர்கள் அவர்கள். எங்கள் தெருவில் புல்வெட்டும் தொழில் செய்பவர் ஒருவர் இருக்கிறார். பதினாறு அடி டிரெய்லர், இரட்டை அச்சு. இந்த ரகத்துக்குப் பொதுவாக 7,000 பவுண்டு, அதாவது சுமார் 3,175 கிலோ, உச்ச வரம்பு. அதன்மேல் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி எந்திரங்கள் இரண்டு. தொழில்முறை ரகம், ஒவ்வொன்றும் அரை டன்னுக்குக் குறையாது. ஓரம் வெட்டும் கருவிகள், ஊதுகுழல்கள், பெட்ரோல் கேன்கள், ஆரஞ்சு நிறத் தண்ணீர் டிரம். வண்டிக்குள் அவரோடு மூன்று ஆட்கள். டெக்சாஸில் கோடை நீளம். வாரத்துக்கு ஆறு நாள் இந்த ஊர்வலம் கிளம்பும்.

இழுப்பது ஒரு ‘அரை டன்’ பிக்கப். அமெரிக்க டன் 2,000 பவுண்டு. அதில் பாதி 1,000 பவுண்டு, 454 கிலோ. ஒருகாலத்தில் இவ்வகை வண்டிகள் தாங்கிய பாரம் அவ்வளவுதான். இன்று அவை அதைவிடக் கணிசமாகவே தாங்கும், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ரகத்தின் முகமாகிவிட்ட ஃபோர்டு எஃப்-150, 1975 மாடலாக வந்தபோது அதன் எடைக் கணக்கிலேயே ஒரு தந்திரம் இருந்தது. 6,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகிறது என்றதும், அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும்படி அதை வடிவமைத்தார்கள். 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் வரிசை எஃப் வரிசைதான். வேலைக்காரர்களை மட்டும் நம்பி அவ்வளவு விற்க முடியுமா? அலுவலகம் போகிறவர், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறவர் எல்லோரும் வாங்க வேண்டும். அவர்கள் முதுகெலும்புக்கு வலிக்கக் கூடாது. ஆகவே பின் ஸ்பிரிங் ஆண்டுக்கு ஆண்டு இதமாகிக்கொண்டே வந்தது. ராம் 1500, 2009 மாடலில் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்குப் போனது. டொயோட்டா டுண்ட்ரா 2022 மாடலில் அதே வழியில் போனது. எஃப்-150, சில்வராடோ இரண்டிலும் பட்டைதான் இன்னும் வழக்கம்.

ஆறு நாள் டிரெய்லர் இழுக்கிறவர், மற்றவர்களின் முதுகெலும்புக்காக நெகிழ்த்தப்பட்ட ஸ்பிரிங்கின்மேல் பிழைப்பு நடத்துகிறார். ஸ்பிரிங்கை விறைப்பாக்கும் சாமான்களுக்கு இங்கே இத்தனை பெரிய சந்தை இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக நீள, குட்டைப் பட்டைகள். நடுவில் ஒரு சென்டர் போல்ட், இருபுறமும் யூ போல்ட் இறுக்கம். மேல் பட்டைகள் வளைந்திருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், தடித்து, கிட்டத்தட்ட நேராக ஒரு பட்டை. காலி வண்டியில் அதன் நுனிகளுக்கும் மேல் பட்டைக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. மேலே இருப்பவை அமுங்கி வந்து தொட்டபிறகுதான் அது வேலையைத் தொடங்கும். எங்கள் புல்வெட்டிக்காரரின் வண்டியில் அந்த இடைவெளிப் பகுதி மட்டும் துருவில்லாமல் பளபளவென்று தேய்ந்திருந்தது. நிதம் தொட்டுத் தொட்டு உரசிய இடம். பட்டையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் வெறும் இரண்டு மடங்குதான். அந்த ஒற்றைத் தடிப்பட்டைக்கு அத்தனை வலு வந்தது இப்படித்தான். சுமைக்குத் தக்கபடி ஸ்பிரிங் அமுங்கும் என்ற விதியைக் கண்ட ராபர்ட் ஹூக், 1676இல் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக அச்சிட்டுவிட்டு, விடையை 1678இல்தான் வெளியிட்டார். வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாதாம்.

டிரெய்லரின் எடை முழுவதும் பிக்கப்பின்மேல் வருவதில்லை. டிரெய்லரின் சொந்தச் சக்கரங்கள் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். அதன் கழுத்து, பிக்கப்பின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எஃகுக் குமிழின்மேல் உட்காருகிறது. அங்கே இறங்கும் பாரம் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும் என்பது நெடுங்கால அனுபவம். 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குமிழ் இருப்பது பின் அச்சுக்கும் சுமார் ஒன்றரை மீட்டர் பின்னால். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3.7 மீட்டர். ஏற்றக்கோல் தத்துவப்படி கணக்குப் போட்டால், பின் அச்சின்மேல் விழுவது 300 கிலோவாக இருக்காது, சுமார் 420 கிலோ. கூடுதலான 120 எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து பிடுங்கிக்கொண்டது. வண்டியைத் திருப்புகிற சக்கரங்கள், பிரேக்கின் பெரும்பங்கைச் செய்கிற சக்கரங்கள், அந்த அளவுக்குத் தரையோடு பிடிமானம் இழக்கின்றன.

புல்வெட்டிக்காரருக்கு இது முதலில் தெரியவந்தது ஸ்டியரிங்கில் அல்ல. விடிகாலை இருட்டில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் அவரைப் பார்த்து லைட்டை அடித்தார்கள். அவர் போட்டிருந்தது லோ பீம்தான். பின்னால் உட்கார்ந்த வண்டி மூக்கைத் தூக்கியிருந்ததால் வெளிச்சம் நேராக அவர்கள் கண்ணுக்குப் போயிருக்கிறது.

பரிகாரங்கள் பல. ஸ்பிரிங் கட்டில் இன்னொரு பட்டையைச் சேர்ப்பது ஆகப் பழையது, ஆக மலிவு. கட்டை அவிழ்த்து, நீளமான சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டுகளைப் புதிதாக மாற்ற வேண்டும். ஒருமுறை இழுபட்டு இறுகிய யூ போல்ட்டை மறுபடி நம்பக் கூடாது. குறை என்னவென்றால் விறைப்பு நிரந்தரம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காலி வண்டியில் போனாலும் ஒவ்வொரு பள்ளமும் தலையில் இடிக்கும். அச்சு மேலே வந்து மோதும் இடத்தில் இருக்கும் சின்ன ரப்பர் கட்டையைக் கழற்றிவிட்டு, உள்ளே குடைந்த பெரிய ரப்பரைப் பொருத்துவது இரண்டாவது வழி. பராமரிப்பே கிடையாது. அச்சு நெருங்கும்வரை அது வேலைக்கும் வராது.

மூன்றாவது காற்றுப் பை. நம் புல்வெட்டிக்காரர் போட்டது இதைத்தான். இங்கே பெரும்பாலும் எல்லோர் மனசிலும் இருப்பதும் இதுவே. இரண்டு மடிப்புள்ள தடித்த ரப்பர் பை, அச்சுக்கும் சேஸிக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்று. டயருக்கு அடிப்பது போலவே காற்றடிக்கலாம். டிரெய்லரைப் பூட்டியதும் ஏற்றி, அவிழ்த்ததும் இறக்கலாம். முழுக்க இறக்கிவிடக் கூடாது. ஐந்து பவுண்டு அழுத்தமாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு நசுங்கி ரப்பர் கிழியும். சைலன்சர் குழாய்ப் பக்கத்துப் பைக்கு வெப்பத் தடுப்புத் தகடு உண்டு. இரண்டு பைகளுக்கும் ஒரே குழாய் இழுத்து வால்வை மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யக் கூடாது. வளைவில் வண்டி சாயும்போது அமுங்குகிற பையின் காற்று மறுபக்கப் பைக்கு ஓடிவிடும். சாய்வு இன்னும் கூடும். தனித்தனிக் குழாய்தான் சரி. ஷாக் அப்சார்பர் பழசாக இருந்தால் அதையும் கையோடு மாற்ற வேண்டும். விறைப்பான ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தைத் தளர்ந்த ஷாக் அடக்காது.

மிச்சிகன் மாநிலத்து லான்சிங்கில் 1949 முதல் இயங்கும் ஏர் லிஃப்ட் கம்பெனியின் பிரபலமான ஒரு பைக்குப் பெயரிலேயே 5000 என்று எண் உண்டு. அந்தப் பைகள் மட்டப்படுத்தக்கூடிய பாரம் 5,000 பவுண்டு என்று அர்த்தம். வண்டிக்கு அவ்வளவு கூடுதல் தாங்குதிறன் வந்துவிட்டதாக வாங்குகிறவர் அதைப் படித்துக்கொள்கிறார். வண்டிக்கு உற்பத்தியாளர் விதித்த மொத்த எடை வரம்பை மீறாதீர்கள் என்று அந்தக் கம்பெனியே எச்சரிக்கிறது. சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்?

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எண் போட்டிருப்பார்கள். ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்குக்கூட எண் வேறுபடும். கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, நான்கு சக்கர இழுவை என்று ஏறுகிற ஒவ்வொரு சொகுசும் அந்த எண்ணிலிருந்து கழியும். ஆட்களும் சரக்கும் ஒரே கூட்டலில் வருவதை நான் முதலில் கவனித்தபோது கொஞ்சம் திடுக்கிட்டேன். ஆளுக்கு 68 கிலோ என்பது அரசு விதியின் கணக்கு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, நாலு வீட்டுப் புல்லை வெட்டிவிட்டு ஏறி உட்காரும் தோட்டத் தொழிலாளர்கள் அந்தக் கணக்குக்குள் அடங்குகிறவர்களாக எனக்குத் தெரியவில்லை.

காற்றுப் பை அந்த எண்ணை ஒரு கிலோகூட உயர்த்தாது. அச்சின் பேரிங், சக்கரம், டயர், பிரேக் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. 420 கிலோவும் பழையபடியே அச்சின்மேல்தான் இறங்குகிறது. மாறியது வண்டியின் நிலை மட்டும். இன்னும் சொல்லப்போனால், பட்டை ஸ்பிரிங் தன் பாரத்தைச் சேஸியின் இரண்டு இடங்களில், முன் தொங்கலிலும் பின் ஷேக்கிளிலும், பிரித்துக் கொடுக்கிறது. காற்றுப் பை கணிசமான பங்கை அச்சுக்கு நேர்மேலே ஒரே இடத்தில் வைத்து அழுத்துகிறது. பின்னால் நீட்டிய பாரம் அதிகமானால் சேஸி அந்த இடத்தில்தான் வளைவைத் தாங்க வேண்டும்.

வண்டி பின்னால் உட்காருவது ஒரு சாட்சி. ஓட்டுகிறவருக்கும், எதிரே வருகிறவருக்கும், தெருவில் நிற்கும் போலீஸுக்கும் ஒரே நேரத்தில் அது சொல்லிவிடுகிறது, பாரம் அதிகம் என்று. இந்தச் சாட்சியைக் கலைக்கத்தான் முதன்முதலில் இங்கே ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்தினார்கள் என்றுகூடச் சொல்லத் தோன்றும். அப்பலாச்சிய மலைப்பக்கத்துக் கள்ளச்சாராயக்காரர்கள் தங்கள் ஃபோர்டு கார்களின் பின் ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்துக்கொண்டார்கள். காலன் காலனாகச் சரக்கு ஏற்றினாலும் கார் மட்டமாகப் போகும். அதிகாரிகளும் விவரமானவர்கள். காலிக் கார் பின்னால் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால், சரக்கை எங்கோ இறக்கிவிட்டுப் போகிறான் என்று புரிந்துகொண்டார்கள். நாஸ்கார் கார்ப் பந்தயங்களின் ஆரம்பகால வீரர்களில் சிலர் இந்த ஓட்டத்தில் பழகியவர்கள். அவர்களில் பெரும்பெயர் ஜூனியர் ஜான்சன். 1956இல் சாராய வழக்கில் பிடிபட்டுச் சிறை போனவருக்கு, 1986இல் அதிபர் ரேகன் மன்னிப்பு வழங்கினார்.

புல்வெட்டிக்காரர் யாரையும் ஏமாற்றக் காற்றுப் பை வாங்கவில்லை. எதிரே வருகிறவரின் கண் கூசக் கூடாது என்றுதான் வாங்கினார். ஆனால் பை வந்தபிறகு அவரிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். முன்பெல்லாம் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு உர மூட்டையைத் திரும்ப இறக்கி வைப்பார். இப்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எத்தனை ஏற்றினாலும் காற்றடித்தால் மட்டம். மூட்டைகள் தொட்டியிலேயே சேர ஆரம்பித்தன. இந்தச் சாமான்களைப் பற்றி எனக்கு இருக்கும் சந்தேகம் இதுதான். அவை கெட்டவை என்று சொல்லமாட்டேன். தினமும் இழுக்கிறவருக்கு ஸ்பிரிங்கை விறைப்பாக்குவது நியாயமான செலவு; வரம்புக்குள் இருக்கும் பாரத்தை ஒழுங்காகச் சுமக்க அது உதவும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்த ஒன்றை எடுத்துவிடுகிறோம் என்றால், அதற்குப் பதிலாக வேறொரு வழியில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் எந்தப் பெட்டியிலும் எழுதக் காணோம்.

சாமானே வாங்காமல் பின்புறத்தை உயர்த்தவும் ஒரு வழி இருக்கிறது. அதுதான் ஆக மோசமானது. டிரெய்லரின்மேல் எந்திரங்களைப் பின்னால் தள்ளி நிறுத்தினால் குமிழ்மேல் பாரம் குறையும். பிக்கப் அழகாக நிமிரும். குமிழ் பாரம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனதும் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் இடதும் வலதுமாக ஆட ஆரம்பிக்கும். ஒருமுறை ஆட்டம் பிடித்துவிட்டால் பிக்கப்பையும் இழுத்துக்கொண்டுதான் போகும். பின்புறம் சற்று உட்கார்ந்திருப்பது, கழுத்தில் போதிய பாரம் இருக்கிறது என்பதற்கும் அடையாளம்.

முன் அச்சு இழந்த 120 கிலோவை உண்மையாகவே திருப்பித் தருவது, பாரம் பகிரும் ஹிட்ச் என்ற இணைப்புச் சாதனம். டிரெய்லரின் கழுத்திலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகளை வில்லாக இழுத்து மாட்டினால், அவை குமிழ் இருக்கும் இடத்தை நெம்பி, பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லரின் அச்சுகளுக்கும் அனுப்பும். காற்றுப் பையால் இதைச் செய்ய முடியாது. அது பின்புறத்தைத் தூக்கும், நெம்பாது. தினப்படித் தொழிலாளர்கள் பலர் இந்த ஹிட்ச் பக்கமே போவதில்லை. பூட்ட நேரமாகும், எடை கூட, மேடு ஏறும் வீட்டு வாசல்களில் கம்பிகள் தொல்லை. விடுமுறைக்கு வீட்டு டிரெய்லர் இழுத்துப் போகும் ஓய்வுபெற்ற தம்பதிகளிடம்தான் அதிகம் காண்கிறேன்.

நான் புல்வெட்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனது எடைமேடைக்கு. நெடுஞ்சாலை ஓரத்து லாரிப் பேட்டைகளில் 1977இல் தொடங்கிய கேட் ஸ்கேல் கம்பெனியின் மேடைகள் நாடெங்கும் இருக்கின்றன. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று தனித்தனியாக எடை அச்சடித்துத் தருவார்கள். டிரெய்லரோடு ஒருமுறை, அவிழ்த்துவிட்டு ஒருமுறை. ஆட்கள் மூவரும் இருக்க, தொட்டியில் மூட்டைகளும் இருக்க, பின் அச்சு அதன் வரம்பைத் தாண்டியிருந்தது. வண்டியோ மட்டம் பிசகாமல் நின்றது. அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார், நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை. அன்றே மூட்டைகள் தொட்டியிலிருந்து டிரெய்லரின் இரட்டை அச்சுக்கு நேர்மேலே இடம் மாறின.

இழுவைத் திறன் என்று விளம்பரத்தில் வரும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுங்காலம் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியபடி அந்த எண்ணைப் போட்டுக்கொண்டது. பிறகுதான் வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பின் ஜே2807 என்ற பொது அளவுகோல் வந்தது; முதலில் ஏற்றது டொயோட்டா, 2011 மாடலில். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து ஏறும் நீண்ட மலைச்சாலைதான் அதன் பரீட்சைக் கூடம். 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெயிலில், ஏ.சி.யை முழுக்கப் போட்டுக்கொண்டு, முழுப் பாரத்தை இழுத்தபடி மணிக்கு 40 மைல் வேகத்துக்குக் கீழே போகாமல் ஏறிக் காட்ட வேண்டும். கடுமையான பரீட்சைதான். வாரத்துக்கு ஆறு நாள், வருஷக்கணக்கில் இழுப்பதைப் பற்றி அது எதுவும் கேட்பதில்லை. அதற்கென்று இருப்பது முக்கால் டன் ரகம். பட்டைகள் தடிமன், அச்சு பெரிது, விலையும் பெரிது, காலியாக ஓட்டினால் குலுக்கும். ஒரே வண்டியில் தொழிலையும் குடும்பத்தையும் ஓட்டுகிறவர் அரை டன்னை வாங்கி, மிச்சத்தைக் காற்றில் நிரப்பிக்கொள்கிறார்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் ஒன்று கவனிக்கலாம். விற்பவர் காற்றுப் பைகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, “வீட்டுக்கு ஓட்டினதுதான், பாரமே ஏற்றியதில்லை” என்பார். கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். அச்சுக்கு நேர்மேலே சேஸியில் பிராக்கெட் உட்கார்ந்த சதுரம் துருப்பிடிக்காமல் தெரியும். பின் பம்பர் அருகே காற்று வால்வுக்குப் போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். தடிப்பட்டையின் நுனியில் பளபளப்பு இருந்தால், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.